ஆனந்தரங்கர் நாட்குறிப்பிற் சிறு மாந்தர்

யாழ்ப்பாணத்துத் தீவுகள் ஒல்லாந்தர் ஆட்சிக்குட்பட்ட காலத்தில் அவற்றின் பெயர்களும் மாறின. நெடுந்தீவு டெல்வ்ற் எனவும், புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், அனலைதீவு றொட்டடாம் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும் வழங்கப்பட்டன. வேலணையும் ஊர்காவற்றுறையும் அமைந்த தீவு லெயிடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கயிற்ஸ் என்னும் பெயர், யானைகளை ஏற்றிய துறைக்குப் போர்த்துக்கேயர் இட்ட பெயரின் எச்சமாகும். கடலினடுவே நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையின் பெயரோ பன்றித்தொடையின் குதி எனப் பொருள்படும். இலங்கையின் வடிவத்தைப் பன்றித்தொடைக்கு ஒப்பிட்ட ஒல்லாந்தருக்கு அக்கோட்டை அதன் குதியாகத் தோன்றியது போலும்.

இப்பெயர்களெல்லாம் எவ்வளவு திரிந்தபோதிலும் அவற்றாற் குறிக்கப்பட்ட நிலம் எதுவென அறிதல் அரிதன்று. தீவு இருந்த இடத்திலேயே இருக்கின்றது. மனிதன் அவ்வாறு நிற்பவனல்லன். பழைய ஏடொன்றில் ஒருவன் பெயர் ஒருமுறை தோன்றி மறையின், அவன் எவ்வூரான், என்ன தொழிலான், எக்குடியினன் என்று உறுதிசெய்வது வரலாற்றாசிரியனுக்கு நேரும் வேலைகளுள் மிகக் கடினமானது. 1658 முதல் யாழ்ப்பாணத்திற் குருவாகப் பணிபுரிந்து, 1672 இல் தம் பெருநூலை ஆம்ஸ்ரடாமில் வெளியிட்ட பல்தேயஸ் என்பார் இத்தீவுகளின் கோயில்களையும் பாடசாலைகளையும் பற்றி எழுதியுள்ளார். ஆயினும் அவர் ஏட்டிற் குடிமக்கள் பெரும்பாலும் தொகையாகவே வருகின்றனர். இத்தனை பேர் கோயிலுக்கு வந்தனர், இத்தனை பிள்ளைகள் பள்ளியிற் படித்தனர் என்பதோடு செய்தி முடிந்துவிடும். பிறநாட்டான் எழுதும் ஏட்டில் உள்நாட்டான் எண்ணாவது இயல்பே.

இதற்கு நேர்மாறான ஏடொன்று பாக்கு நீரிணையின் மறுகரையில், ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்டுகொண்டிருந்த அதே காலத்தில், தமிழர் ஒருவராலே தமிழில் எழுதப்பட்டது. அதுவே புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு. நள வருடம் ஆவணி மாதம், அதாவது 1736 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்திலே தொடங்கி, 1761 சனவரி வரை, இடையிடையே விடுபட்ட பகுதிகள் நீங்கலாக, இருபத்துநான்கு ஆண்டுக்கு மேற்பட்ட செய்திகளை அது தாங்கி நிற்கின்றது. பிள்ளையவர்கள் 1709 இல் சென்னையைச் சார்ந்த பெரம்பூரிற் பிறந்தார்; இளமையிலேயே தந்தையாருடன் புதுச்சேரி சேர்ந்தார்; 1747 இல் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாசியானார்; ஆங்கிலப் படை நகரைச் சூழ்ந்து நிற்க, அது வீழ்வதற்குச் சில நாள்களின் முன்னர் உயிர்நீத்தார். துய்ப்ளெக்ஸ், லபூர்தொனே, லாலி ஆகிய பெரியோரை அறிய அந்நூலை நாடுவோர் பலர். அவர்களைப் பற்றி அறிதற்கு வேறு ஏடுகளும் உள. ஆனால் அவ்வேட்டின் பக்கங்களிற் கூட்டங்கூட்டமாக நடமாடும் கணக்கர், தரகர், சேவகர், செட்டிகள், உபதேசியார், வைத்தியர், தூதர், விதவைகள் ஆகியோருக்கு அவ்வேட்டைத் தவிர வேறு நினைவுச்சின்னம் இல்லை. அவர்கள் யாரென்று ஆராய்தல் பெயர்களை வைத்து ஆடும் விளையாட்டன்று. ஒருவன் செய்த காரியத்தை மற்றொருவன் தலையிற் சுமத்தாதிருத்தற்கு அவ்வாராய்ச்சியே காப்பு.

நாட்குறிப்பு வெளிவந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னாற் போதும். 1846 இல் கலுவா மொம்பிரான் என்னும் பிரெஞ்சு அலுவலர் பிள்ளையவர்களின் வழியினரிடம் அதனைக் கண்டறிந்தார். பின் அரியேல் என்பார் எழுதுவித்த படி பாரிசு சென்றது. சென்னை அரசாங்கத்தின் ஆதரவில் ஆங்கில மொழிபெயர்ப்புப் பன்னிரண்டு தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை வெளியாயிற்று. முதல் மூன்று தொகுதிகளைப் பிரைஸ் என்பாரும் ரங்காசாரி என்பாரும் பதிப்பித்தனர். எஞ்சியவற்றை டொட்வெல் என்பார் பதிப்பித்தார். தமிழில் எழுதப்பெற்ற நூலின் தமிழ் மூலம், 'ஆனந்தரங்கப்பிள்ளை சொஸ்த லிகித தினப்படி சேதிக் குறிப்பு' என்னும் பெயருடன், 1948 ஆம் ஆண்டிலேதான் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது. ஆங்கிலம் முந்தித் தமிழ் பிந்திய இவ்வொழுங்கு பெயராய்வுக்கு விளைத்த கேடு சிறிதன்று.

முதலாவது இடர் எழுத்தைப் பற்றியது. அக்காலக் கையெழுத்திற் புள்ளியிடும் வழக்கம் இல்லை எனலாம். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ரகரமும் ஆகாரத்தைக் காட்டும் காலும் ஒரே வடிவின. ஆகவே 'பர' என நிற்கும் இரண்டெழுத்தைப் பர என்றும், பா என்றும், பர் என்றும், ப்ர என்றும் படிக்கலாம். தமிழ்ச் சொல்லாயின் பொருள் நோக்கி உண்மை வடிவைக் காணலாம். பிரெஞ்சுக்காரன் பெயராயின் பொருள் துணைசெய்யாது. பகரம் மூன்று பிறமொழி ஒலிகளுக்கும், சகரம் அதனினும் பலவற்றுக்கும் நிற்றலின் ஐயம் மேலும் பெருகும். இதில் ஒரு நன்மையும் உண்டு. பிள்ளையவர்கள் கண்ணாற் படித்ததை எழுதாது காதாற் கேட்டதை எழுதினார். தூமா என்னும் தேசாதிபதியின் பெயரைப் பிரெஞ்சுக்காரர் எழுதும்போது ஈற்றில் ஒரு சகர மெய் நிற்கும். நாவில் அது ஒலிப்பதில்லை. பிள்ளையவர்கள் ஏட்டிலும் அது இல்லை. அப்பெயரை அக்காலத்திற் புதுச்சேரித் தெருவில் எவ்வாறு அழைத்தனர் என்பதற்குத் தமிழ் ஏடே சான்று. புனித பவுலின் கோயில் மக்கள் நாவிற் சம்பா கோயிலாகி, இன்றும் அவ்வாறே வழங்குதல் காண்க.

ஐரோப்பியரை இனங்காண்பதற்குப் பிறிதொரு வாய்ப்பும் கிடைத்தது. புதுச்சேரியில் தேசாதிபதியாயிருந்த மார்த்தினோ என்னும் அறிஞர் 1911 இல் பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகத்தை நிறுவினார். ஆலோசனைச் சபையின் நடவடிக்கைகளும், பிறப்பு, மணம், இறப்புப் பதிவுகளின் சுருக்கமும் அவர் காலத்தில் அச்சிடப்பெற்றன. நாட்குறிப்பில் ஒரு பிரெஞ்சுக்காரன் மணஞ்செய்தான் என வரின், தமிழ்த் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றிப் பதிவேட்டோடு ஒப்பிடலாம். பெயர் எவ்வளவு சிதைந்திருப்பினும் நாள் காட்டிக்கொடுத்துவிடும். தமிழருள்ளே கிறித்தவர் அல்லாதாருக்கு அத்தகைய பதிவேடு இல்லை. எனவே ஆங்கிலப் பதிப்பின் அடிக்குறிப்புகளிற் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்த ஒளி தமிழருக்குக் கிடைக்கவில்லை. ஊரார் அனைவரும் அறிந்த தமிழ்ச் செட்டி பெயரளவில் நிற்க, இரண்டாண்டு தங்கிப்போன பிரெஞ்சுக் கணக்கன் பிறந்த ஊரும் அடிக்குறிப்பில் இடம்பெறும் நிலை இதனாலாயது. பதிப்பாசிரியர்மேற் குறை சொல்லுதல் தகாது. அவர்களுக்குக் கிடைத்த ஏடுகள் அத்தகையன.

தமிழ் மாந்தரை அறிதற்கு வேறு வழிகளைக் கையாள வேண்டும். அவ்வழிகள் தமிழருக்கு, சிறப்பாக யாழ்ப்பாணத்தாருக்கு, பழக்கமானவையே. பாட்டன் பெயரைப் பேரனுக்கிடும் வழக்கம் இங்கும் உண்டு, அங்கும் உண்டு. ஆனந்தரங்கரின் தந்தையார் பெயர் திருவேங்கடம்பிள்ளை. அவர் 1726 இல் இறந்தார். ஆனந்தரங்கரின் இளைய சகோதரர் பெயரும் திருவேங்கடம்பிள்ளை. பிள்ளையவர்களுக்குப் பின் நாட்குறிப்பைத் தொடர்ந்து எழுதிய சகோதரர் மகன் பெயரும் அதுவே. அக்குடும்பத்திற் பின்னர்த் தோன்றி, 1794 முதற் சில ஆண்டுகள் நாட்குறிப்பெழுதியவர் முத்து விஜய திருவேங்கடம்பிள்ளை. ஆண்டினைக் கவனியாது பெயரை மட்டும் பற்றுவோன் நான்கு பேரை ஒருவராக்கிவிடுவான்.

இனி, பெயர்போலத் தோன்றி உறவுமுறையோ உத்தியோகமோ ஆகும் சொற்கள் உள. தீவகத்திற் சின்னத்தம்பி, சின்னத்துரை என்பன இடுபெயர்களாகிவிட்டன. நாட்குறிப்பில் வரும் சின்ன முதலி என்பதோ, முதலியின் தம்பி என்னும் அளவில் எழுந்த வழக்கு. நயினார் என்பதும் இத்தகையது. நயினாதீவின் பெயரைக் கேட்டுப் பழகியோருக்கு அச்சொல் ஆளின் பெயராகவோ கடவுட் பெயராகவோ தோன்றக்கூடும். புதுச்சேரியில் அது நகர்க்காவலின் தலைவனுக்குரிய உத்தியோகப் பெயர். ஒரு பக்கத்தில் வரும் நயினாரும் பத்தாண்டு கழித்து வரும் நயினாரும் ஒருவரே எனக் கொள்ளுதல், உடையார் என்று எழுதப்பட்ட இடமெல்லாம் ஒருவரையே குறிக்குமெனக் கொள்வது போலாம்.

சின்ன முதலியின் குடும்பத்தைச் சிறிது விரித்துக் கூறுதல் நன்று. அவர் தமையனார் கனகராய முதலியார், ஆனந்தரங்கருக்கு முன் இருபது ஆண்டளவு தலைமைத் துபாசியாயிருந்தவர், கிறித்தவர், பிரெஞ்சு ஏடுகளில் அவர் பேதுரு. சின்ன முதலிக்குத் தானப்ப முதலி என்பது தமிழ்ப் பெயர். லாசர் என்பது ஞானஸ்நானப் பெயர். ஆக ஒருவருக்கே மூன்று பெயர்கள். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர் நிறுவிய காலத்தில் பிரான்சுவா மார்த்தேனுக்குத் துணைநின்ற முதற் கிறித்தவத் துபாசியும் அதே குடும்பத்தைச் சார்ந்தவரே. அம்முன்னோர் பெயரும் தானப்ப முதலி. அவர் ஞானஸ்நானப் பெயரும் லாசர். தமிழ்ப் பெயராற் பிரித்தறிய முயன்றாலும் கிறித்தவப் பெயராற் பிரித்தறிய முயன்றாலும் பயன் இல்லை. காலமே இருவரையும் பிரிக்கும்.

இது வீண் ஆராய்ச்சியோ எனின், அன்று. குரோதன வருடம் மாசி மாதத்தில், 1746 பெப்ருவரியில், கனகராய முதலியார் இறந்தார். அவருடைய ஒரே மகன் முன்னரே இறந்துவிட்டான். சொத்து விதவைக்கோ தம்பிக்கோ என்னும் வழக்கு எழுந்தது. இறந்தவரும், விதவையும், தம்பியும் கிறித்தவர்கள். கிறித்தவத் தமிழர் சொத்துரிமையைத் தீர்ப்பது நாட்டு வழக்கமா, பிரெஞ்சு முறையா என்னும் பெரிய வினா அவ்வழக்கின் அடியில் இருந்தது. தேசவழமை எழுத்தில் தொகுக்கப்பட்ட நாட்டிலே பிறந்தோர் அவ்வினாவின் கனத்தை எளிதில் உணர்வர். யாழ்ப்பாணத்தில் அத்தொகுப்பு 1707 இலேயே முடிந்துவிட்டது. புதுச்சேரியில் யார் யாருக்கு என்ன முறையினர் என்பதை ஒரு நாட்குறிப்பின் வரிகளிலிருந்து பொறுக்கியெடுக்க வேண்டியிருக்கின்றது.

தமிழ் மூலத்தைக் கையில் வைத்திருப்போனுக்கு மேலும் ஒரு துணை உண்டு. அஃது ஆங்கிலப் பதிப்பாளர்க்கு வாய்க்காதது. வினைமுற்றின் விகுதியே அது. வந்தான், வந்தார், வந்தாள், வந்தார்கள் என்னும் நான்கிலும் சொல்வோன் சொல்லப்பட்டோனை எவ்விடத்தில் வைத்து நோக்கினான் என்பது வெளிப்படுகின்றது. ஒரே பெயருடைய இருவர் ஓராண்டுக் குறிப்பில் வருவாராயின், ஒருவருக்கு ஆன் விகுதியும் மற்றவருக்கு ஆர் விகுதியும் தொடர்ந்து நிற்றல் அவரைப் பிரித்துக்காட்டும் குறியாகலாம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். ஆயினும் இக்கருவியை அளவோடு பயன்படுத்த வேண்டும். ஒருவர் உத்தியோகம் உயர்ந்தபின் விகுதியும் உயரக்கூடும். பகை மூண்டபின் தாழவுங்கூடும். பிள்ளையவர்கள் நடுநின்ற சான்றாளர் அல்லர். தம் விருப்பு வெறுப்புக்களை மறைத்தெழுதும் இயல்பு அவருக்கு இல்லை. நாட்குறிப்பின் சுவைக்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வகை ஆய்வு எத்துணை எதிர்பாராத இடத்திற் கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1748 ஆம் ஆண்டு ஆங்கிலக் கடற்படைத் தலைவன் பொஸ்காவென் புதுச்சேரியை முற்றுகையிட வந்தபொழுது, செத்தெம்பர் மாதத்தில் நகரின் நடுவிலிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அது சம்பா கோயிலை அடுத்திருந்தது. அதனை அகற்ற வேண்டுமென இயேசுசபைக் குருமார் அரை நூற்றாண்டாக முயன்று வந்தனர். சைவர் படிக்கும்போது நெஞ்சு பதறும் பகுதி அது. பொறியாளர் செர்போ வந்ததையும், இருநூறு பேரளவிலான கூலியாள்களும் கொத்தர்களும் மண்வெட்டி, கடப்பாரைகளுடன் தென்மதிலை இடிக்கத் தொடங்கியதையும், துய்ப்ளெக்சின் மனைவியார் அங்கு வந்து விக்கிரகங்களை உடைக்கக் குருவானவருக்கு இசைவளித்ததையும் நாட்குறிப்பு ஒன்றன்பின் ஒன்றாகக் கூறிச் செல்கின்றது. கூலியாள்களுக்கு அங்கும் தொகையே உண்டு, பெயர் இல்லை. பெயர்பெற்றோர் சிலரே. அவருள் ஒருவர் காரைக்காற் கோயிலைச் சேர்ந்த கேர்தூ என்னும் குரு. சுத்தியலோடு வந்து சிவலிங்கத்தை உதைத்து உடைத்தவர் அவரே என்று நாட்குறிப்புச் சொல்கின்றது. அவர் பெயர் பிரெஞ்சு மொழியில் இன்னெஞ்சர் எனப் பொருள்படும்.

நாட்குறிப்பைப் படிப்போர் அவரைக் கோபங்கொண்ட ஒரு பாதிரியாராக எண்ணி மறந்துவிடுவர். மொழிநூல் கற்போரோ வேறொரு கேர்தூவை அறிவர். 1691 இல் பிரான்சிற் பிறந்து, 1732 இல் இந்தியா வந்து, தெலுங்கும் வடமொழியும் கற்ற இயேசுசபைக் குரு காஸ்தோன் லொரான் கேர்தூ என்பவர், வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைக் காட்டி 1767 இல் பாரிசுக் கழகத்துக்கு எழுதினார். வில்லியம் யோன்சு அக்கருத்தைக் கல்கத்தாவில் வெளியிட்டது 1786 இல்; எனவே கேர்தூ அவருக்குப் பத்தொன்பது ஆண்டு முந்தியவர். கடிதம் 1808 இலே அச்சேறியமையால் பெருமை யோன்சுக்குப் போயிற்று. துணிக்குச் சாயந்தோய்க்கும் தமிழகத்துத் தொழில்முறையை நெசவாளரிடமும் சாயக்காரரிடமும் கேட்டறிந்து விரிவாக எழுதியவரும் அவரே. துபுவா குருவின் பெயரால் உலகெங்கும் பரவிய இந்திய ஒழுக்கவழக்க நூலுக்கு மூலம் கேர்தூவின் கையெழுத்து நூலே என்பதைச் சில்வியா மூர் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 1987 இல் நிறுவினார்.

சுத்தியல் ஏந்திய கேர்தூவும் மொழிகளின் உறவு கண்ட கேர்தூவும் ஒருவர்தாமோ? பெயரொற்றுமை மட்டும் போதாது என்பதைத் தானப்ப முதலியார் இருவரும் காட்டினர். ஆனால் இங்கே பெயரோடு சபை, இடம், காலம் ஆகிய மூன்றும் ஒன்றுபடுகின்றன. கேர்தூ என்பது அருகிய பெயர். அக்காலத்தில் தமிழகக் கடற்கரைப் பணித்தளங்களில் இயேசுசபையினர் தொகை மிகச் சிறிது. எனவே இருவரும் ஒருவரே என்று கொள்வதற்குத் தடையில்லை. எதிர்வாதம் ஒன்றுண்டு: வடமொழியைக் கற்று மதித்தவர் விக்கிரகத்தை உடைப்பாரோ என்பது அது. இவ்வாதம் மனிதரை அறியாதோர் வாதம். ஒரு மக்களின் மொழியை வியந்து அவர்தம் சமயத்தை வெறுத்தோர் பலர் அக்காலத்தில் இருந்தனர். ஒன்றை அறிதலும் ஒன்றை மதித்தலும் ஒருவர் உள்ளத்தில் எப்போதும் சேர்ந்தே நிற்பன அல்ல.

மற்றொரு புறத்தையும் நோக்க வேண்டும். உதைத்தவர் இவர், உடைத்தவர் இவர் என்று எழுதியவர், குருமாருக்கும் துய்ப்ளெக்சின் மனைவியாருக்கும் எதிர்த்தரப்பினர். கனகராய முதலியார் இறந்தபின் தலைமைத் துபாசிப் பதவி கிறித்தவனுக்கே உரியதென்று வற்புறுத்தி, ஆனந்தரங்கருக்குத் தடையாய் நின்றவர்கள் அக்குருமார். ஆதலால் ஆள் யாரென்பது உறுதிப்பட்டாலும், அவர் அசைவு ஒவ்வொன்றும் எழுதியபடியே நிகழ்ந்ததென்பது அதனால் உறுதிப்படாது. கோயில் இடிந்தது உண்மை; குருமார் முன்னின்றதும் உண்மை. எஞ்சியவற்றைச் சான்றாளரின் மனநிலையோடு சேர்த்தே நிறுத்தல் வேண்டும்.

இக்கேர்தூவைப் பற்றிய ஆராய்ச்சியிலும் பெயர்க்கண்ணி ஒன்று மறைந்திருக்கின்றது. அவர் பாரிசிலே தொடர்புகொண்ட அறிஞர் பார்த்தெலெமி. புதுச்சேரி ஆலோசனைச் சபையிலும் ஒரு பார்த்தெலெமி இருந்தார். நாட்குறிப்பில் வருபவர் அவர். முன்னவர் பழங்காசுகளையும் கல்வெட்டுக்களையும் ஆராய்ந்து பாரிசில் வாழ்ந்த குரு. பின்னவர் கும்பினியின் உத்தியோகத்தர். விரைந்து படிப்போன் இருவரையும் ஒருவராக்கி, புதுச்சேரியிலேயே மொழியாராய்ச்சி நடந்ததாக ஒரு கதை கட்டுவதற்கு இஃது இடந்தரும்.

காரைக்கால் என்னும் அடைமொழியும் கவனிக்கத்தக்கது. பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றது 1739 இல், தூமாவின் காலத்தில். ஆதலின் நாட்குறிப்பின் முற்பகுதியில் ஒருவர்க்கு அவ்வடைமொழி வரின் அவர் அவ்வூரிற் பிறந்தவராதல் கூடும். பின்னர் வரின் அங்கு உத்தியோகம் பெற்றவராகவும் இருக்கலாம். ஊர்ப்பெயர் பிறப்பைக் குறிக்கின்றதோ இருப்பைக் குறிக்கின்றதோ என்னும் ஐயம் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. கொழும்பிலே கடைவைத்த நெடுந்தீவான் கொழும்பில் நெடுந்தீவான் எனவும், நெடுந்தீவிற் கொழும்பான் எனவும் பெயர்பெறுதல் உலக வழக்கு.

இம்மாந்தரிற் பலரை நாட்குறிப்பின் எல்லைக்கு அப்பாலும் தொடர்ந்து செல்லலாம். பிள்ளையவர்களின் சகோதரர் மகன் எழுதிய தொடர்ச்சி உண்டு. நகர்க்காவல் நயினார் பதவியிலிருந்த இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பும் உண்டு; ஒர்சே மா. கோபாலகிருஷ்ணன் அதனைப் பதிப்பித்தார். ஆனந்தரங்கர் ஏட்டில் இளைஞராக வந்தவர் இவ்வேடுகளில் முதியவராக, அல்லது இறந்தவருடைய மகன் தந்தையின் பெயரோடு, தோன்றுதல் கூடும். நகரம் 1761 இல் வீழ்ந்து, 1765 இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு மீண்டு, 1778 இல் மறுபடியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. குடிகளோ பெரும்பாலும் அதே குடிகள். கேர்தூ குருவும் அவ்வீழ்ச்சிகள் இரண்டையும் கண்டு, 1779 இல் புதுச்சேரியிலேயே இறந்தார். அப்போது வீரா நாயக்கர் தம் நாட்குறிப்பின் இரண்டாம் ஆண்டை எழுதிக்கொண்டிருந்தார்.